நாள்தோறும் இறைவனோடு

மூணாற்று மலைகளில் தேயிலைக் கொழுந்து பறிப்பதை நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். காலையில் பறித்த கொழுந்தை நெடுநேரம் கூடையில் அமுக்கி வைத்திருக்க இயலாது. அது சூடேறிச் சிவந்து கெட்டுப்போகும். ஆதலின் பறித்ததை அவ்வப்போது நிறுத்து, அன்றைய கொழுந்தை அன்றே ஆலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பரப்பி வாட்டும் வேலையும் அன்றே தொடங்கிவிடுகிறது. நேற்று நிறையப் பறித்துவிட்டோம், அதைக்கொண்டு இன்று காலம் தள்ளலாம் என்பதற்கு அங்கே இடமில்லை. செடியும் சும்மா இருப்பதில்லை. ஓரிரு வாரங்களில் மீண்டும் துளிர்த்துப் பறிப்பவளின் கையை எதிர்பார்த்து நிற்கிறது.

நேயர்களே, விவிலியத்தின் யாத்திராகமத்தில், 16ஆம் அதிகாரத்தில், இதைப் போன்றதொரு செய்தி வருகிறது. எகிப்தை விட்டுப் புறப்பட்ட இஸ்ரவேல் மக்களுக்கு வனாந்தரத்தில் உணவு இல்லை. விடியற்காலத்தில் பனி நீங்கியதும் தரையில் உறைபனி போலச் சிறிய பொருளொன்று கிடந்தது. அதுவே மன்னா. அவரவர் வீட்டுக்கு அன்றைக்கு வேண்டிய அளவே எடுக்க வேண்டும் என்பது கட்டளை. நாளைக்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தவர்களும் இருந்தார்கள். மறுநாள் பார்த்தபோது அது புழுத்து நாறிற்று. ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்க அனுமதி உண்டு, ஏழாம் நாள் ஓய்வு நாள் ஆனபடியால். இந்த ஒரு விலக்கு நமக்கு மிகவும் பிடித்தமானது. ஓய்வையும் கணக்கில் வைத்துக்கொண்ட கட்டளை அது.

இறைவனோடு கொள்ளும் உறவில் நிலைத்த நிறைவு கிடைக்குமா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ சமயம் தரும் விடை இந்த மன்னாவில் அடங்கியிருக்கிறது என்று நாம் கருதுகிறோம். நிலைத்தது என்றதும் நாம் எண்ணுவது பெட்டியில் வைத்துப் பூட்டத்தக்க ஒன்றை. ஞானஸ்நானம் பெற்ற நாளிலோ, உள்ளம் உருகிய ஒரு கூட்டத்திலோ அது ஒருமுறை கைக்கு வந்துவிட்டால் ஆயுள் முழுதும் போதும் என்று நினைக்கிறோம். மன்னாவின் கணக்கோ வேறு. நாற்பது ஆண்டுகள் அது நின்றுபோகவில்லை என்கிறது வேதம். ஆனால் ஆறாம் நாளினதைத் தவிர, எந்த ஒரு நாளின் மன்னாவும் மறுநாள் வரையில் நிற்கவில்லை.

இந்தச் செய்தியைப் பேச மூணாற்றை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து இம்மலைகளைப் பெற்ற பின்னர், காடு தோட்டமாக மாறியது. அத்தோட்டங்களுக்கு உழைக்க வந்தவர்களுள் பெரும்பாலோர் தமிழர். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணிகளின் பின்னே மலையேறியவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். கத்தோலிக்கருக்கு 1898இல் கார்மேல் சபைத் துறவியர் இங்கே ஒரு கோயில் அமைத்தனர். கார்மேல் மாதாவின் பெயர் கொண்ட அக்கோயில் 2024இல் பசிலிக்கா என்னும் உயர்நிலை பெற்றது. சீர்திருத்தச் சபையாரின் கிறிஸ்து நாதர் ஆலயத்தின் வரலாறு சற்றுத் துயரமானது. 1894இல் எலனோர் இசபெல் மே என்னும் இளம்பெண் காலராவால் மாண்டு ஒரு குன்றின்மேல் அடக்கம் செய்யப்பட்டாள். கல்லறை முன்னே வந்தது. அக்குன்றின் சரிவில் ஆலயத்துக்கு 1910இல்தான் அடிக்கல் நாட்டினார்கள். வெள்ளைக்காரத் துரைமாருக்கென எழுந்த அவ்வாலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. அங்கே தமிழிலும் ஆராதனை நடைபெறுகிறது.

மலையிலிருந்து வடக்கே இறங்கிப் பாலக்காட்டுக் கணவாய்க்கு வந்தால், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் தமிழ் பேசும் கத்தோலிக்கர் வாழ்கின்றனர். அவர்களையும் உள்ளடக்கிய சுல்தான்பேட்டை மறைமாவட்டம் 2013 டிசம்பரில் ஏற்பட்டது. மலையில் கொழுந்து, சமவெளியில் நெல்; வேலையின் தாளம் வேறு. ஆயினும் பொழுது விடிவதற்கு முன்னும் விளக்கேற்றிய பின்னும் வீட்டார் கூடிச் சொல்லும் ஜெபம் இரண்டிடத்திலும் ஒன்றே. அதுவே இயேசு தம் சீடருக்குக் கற்பித்த ஜெபம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அந்த ஜெபத்தில் ஒரு சொல்லின்மேல் தனி ஈடுபாடு உண்டு. உணவை வேண்டும் இடத்தில் கிரேக்க மூலம் எபியூசியோஸ் என்றொரு அடைமொழியை இட்டிருக்கிறது. மத்தேயுவும் லூக்காவும் எழுதிய சுவிசேஷங்களில், இந்த ஜெபத்தில் மட்டுமே அச்சொல் வருகிறது. சுவிசேஷகர்களே அதைப் படைத்திருக்க வேண்டும் என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிகேன் எண்ணினார். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் லூக்காவில் ‘அன்றாட’ என்றும், மத்தேயுவில் ‘இயற்கைப் பொருளைக் கடந்த’ என்னும்படியும் எழுதிவைத்தார். ஒரே சொல்லுக்கு ஒரே கையால் இரண்டு மொழிபெயர்ப்பு! அலுவலகத்தில் நாம் அப்படிச் செய்தால் மேலதிகாரி விளக்கம் கேட்பார். ஆனால் ஜெரோமின் தடுமாற்றத்தில் ஒரு நேர்மை இருக்கிறது. சட்டியில் வேகும் சோறும், உள்ளத்துக்கு வேண்டிய இறைவனும் ஒரே வேண்டுதலில் அடங்கியிருக்க, எதை விடுவது என்று அவர் துணியவில்லை.

இன்னொரு சொல்லில் நம் தமிழ், கிரேக்கத்தையும் இலத்தீனையும் விட நுட்பமாக நின்றிருக்கிறது. அம்மொழிகளில் ‘நம்’ என்பதற்கும் ‘எங்கள்’ என்பதற்கும் வேறுபாடில்லை. தமிழிலும் மலையாளத்திலும் உண்டு. தமிழில் பெயர்த்தவர்கள் ‘எங்கள்’ என்றே எழுதினார்கள். கேட்கப்படுபவர் பசித்தவர் கூட்டத்தில் ஒருவரல்லர் என்பது அதனால் தெளிவாகிறது. அதே வேளையில், அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே ஜெபிப்பவனும் ‘எனக்கு’ என்று கேட்க வழியில்லை. பக்கத்து வீட்டுக்காரனின் பசியும் அவன் வாயில் வந்துவிடுகிறது.

இதைச் சொல்லும்போது, ஜெபம் ஏழைகளை அடங்கியிருக்கச் செய்யும் மருந்து என்ற பழைய குற்றச்சாட்டு நினைவுக்கு வருகிறது. அதில் உண்மையே இல்லை என்று நாம் வாதாடப் போவதில்லை. அப்படிப் போதித்தவர்களும் உண்டு. ஆனால் 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்து, குறைக்கப்பட்ட போனஸைக் கேட்டுப் போராடியதை நாடு கண்டது. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்போது பிறந்தது. பல சமயத்தாரும் அங்கே ஒன்றாக அமர்ந்திருந்தனர். அன்றைய உணவை இறைவனிடம் காலையில் கேட்டவள், அதையே முதலாளியிடமும் கேட்பதில் முரண்பாடு எதுவும் நமக்குப் புலப்படவில்லை.

இனி, நாள்தோறும் ஜெபிப்பது எங்ஙனம் என்பதற்கு வருவோம். பவுல் அப்போஸ்தலர் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஓயாமல் ஜெபிக்கும்படி சொல்கிறார். கூடையைத் தலையில் மாட்டிச் செங்குத்தான சரிவில் நிற்பவளுக்கு அது எப்படி இயலும்? இதற்கு விடை தேடிய ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில் இருந்தார். லொரேன் நாட்டில் பிறந்த நிக்கோலா எர்மான் என்பவர், போரில் காயம்பட்ட படைவீரர். கார்மேல் மடத்தில் சேர்ந்து, சகோதரர் லாரன்ஸ் என்ற பெயரோடு சமையல் அறையில் பல ஆண்டுகள் வேலை செய்தார். இயல்பில் அவருக்குச் சமையல் வேலை அடியோடு பிடிக்காது. பானைகளின் ஓசையும் ஆட்களின் கூச்சலும் சூழ நின்றபோதும், கோயிலில் முழந்தாளிட்டிருக்கையில் இருக்கும் அதே அமைதியோடு இறைவனை உடனிருப்பவராக எண்ணப் பழகினார். சிறு சிறு சொற்களால் அவரோடு பேசிக்கொண்டே வேலையைச் செய்தார். மறந்துபோனால் வருந்திக்கொண்டு காலத்தை வீணாக்காமல் மீண்டும் திரும்பிக்கொண்டார். மூணாற்றுக் கோயிலுக்குப் பெயர் தந்த அதே கார்மேல் மரபைச் சேர்ந்தவர் அவர்.

ஆனால் அவர் வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துபோகும் பகுதி ஒன்றுண்டு. துறவறம் புகுந்தபின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அவர் உள்ளம் கடுமையாகத் துன்புற்றது. தாம் இறைவனால் தள்ளப்பட்டவரோ என்ற அச்சம்கூட அவரை வாட்டியது. அமைதி அதன் பின்னரே வந்தது. ஜெபித்த அன்றே மனம் குளிரும் என்று எவரேனும் வாக்களித்தால், அவருடைய அனுபவத்தை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

குளிர்வதற்கு வழியே இல்லாத நாட்களும் வருகின்றன. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையில் மலை சரிந்து, தொழிலாளர் உறங்கிக்கொண்டிருந்த லயங்களின்மேல் விழுந்தது. 70 உயிர்கள் போயின. அனைவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தார் எனலாம். பலருக்குக் கயத்தாறு வட்டாரத்தில் உறவினர் இருந்தனர். சிலருடைய உடல் கிடைக்கவே இல்லை. இறந்தவர்கள் எந்தச் சமயத்தவராயினும், மறுநாள் காலையில் ‘நிறைவு’ என்ற சொல்லை அம்மலையில் எவர் வாயெடுத்துச் சொல்ல முடியும்? நமக்கும் இந்தச் சொற்பொழிவை எழுதும்போது அங்கே பேனா நின்றுவிட்டது.

அதற்குத் திருச்சபை வைத்திருப்பது ஒரு விளக்கமன்று, ஒரு வழக்கமே. சங்கீதங்களை முறை வைத்து வாசிப்பது அது. ஆங்கிலத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் அவற்றை ஒரு மாதத்தின் 30 காலைக்கும் 30 மாலைக்குமாகப் பங்கிட்டிருக்கிறது. 17ஆம் நாள் காலையில் 88ஆம் சங்கீதம் வரும். கத்தோலிக்கரின் திருப்புகழ்மாலையில் அதே சங்கீதம் வெள்ளிக்கிழமைதோறும் இரவு ஜெபத்தில் வரும். சங்கீதங்களுள் மிக இருண்டது அதுவே. ஏனைய புலம்பல்கள் பெரும்பாலும் முடிவில் எப்படியாவது நம்பிக்கைக்குத் திரும்பிவிடும், இது திரும்புவதில்லை. தோழரும் உறவினரும் விலகிப்போக, மிஞ்சியது இருள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆயினும் தொடக்கம் முதல் அது இறைவனை நோக்கியே பேசுகிறது. ஆறுதல் கிடைக்காதவனும் பேச்சை நிறுத்தவில்லை.

தன் வீட்டில் மகிழ்ச்சி பொங்கும் மாதத்திலும் 17ஆம் நாள் வரத்தான் செய்யும். மகளுக்குத் திருமணம் நிச்சயமான வீட்டிலும் அன்றைக்கு அந்தச் சங்கீதமே முறை. பொருத்தமில்லாததாகத் தோன்றும், எனினும் வாசிப்பவர்கள் வாசித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அன்று அது அவர்களுக்காக இராது. எங்கோ ஒரு லயத்தில், வேறொருவருக்காக இருக்கும். ‘எங்கள்’ என்று சொல்லிப் பழகியவர்களுக்கு அதில் வியப்பில்லை. பின்னொரு நாள் தம் வீட்டு வாசலுக்கே அந்தத் துயரம் வரும்போது, சொல்வதற்கு ஒன்றும் அகப்படாமல் வாயடைத்து நிற்கும் நிலையில், எத்தனையோ மாதங்கள் சொல்லிச் சொல்லி நாவில் படிந்த அந்த வரிகள் தாமே எழுந்து வருகின்றன.

மன்னாவைப் பற்றிய அதே அதிகாரத்தின் முடிவில், நாம் முன்னர்ச் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இருக்கிறது. ஒரே ஓர் அளவு மன்னாவை மட்டும் ஒரு கலசத்தில் இட்டு, வருங்காலத் தலைமுறையினர் காணும்படி இறைவனுடைய சந்நிதியில் வைக்கச் சொன்னார்கள். ஒருநாள்கூடத் தாங்காத அந்தப் பொருள், அங்கே மட்டும் கெடாமல் இருந்தது. அதை எவரும் உண்ணவில்லை. மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல எல்லாரும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.