நாளைக்கு எழுதும் கணக்கு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நிலையில்லாக் காலத்தில் எதிர்காலத்தைத் திட்டமிடுதல்' என்னும் தலைப்பை எனக்கு அளித்திருக்கிறார்கள். இதனைப் பேசத் தக்கவர் பொருளியல் பேராசிரியரோ வங்கி மேலாளரோ அல்லரோ என்று செயலாளரிடம் கேட்டேன். "காரைக்குடியில் பிறந்தவர்க்கு இதைப் பேசத் தனித் தகுதி வேண்டுமா, அம்மா?" என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. எதிர்காலத்தைக் கணக்கிட்டு வாழ்ந்ததிலும் சரி, அக்கணக்குப் பொய்த்ததைக் கண்ணாரக் கண்டதிலும் சரி, செட்டிநாட்டுக்கு நிகராகச் சொல்லத்தக்க ஊர்கள் சிலவே.

திட்டமிடுதல் இங்கே தொட்டிற் பழக்கம். சிறுவன் எழுத்தறியும்போதே பேரேடு படிக்கக் கற்பான். 'கொண்டுவிக்க'ப் போகிறவர் மூன்றாண்டுத் தவணைக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு கப்பலேறுவார். ஆண்டுதோறும் ஐந்தொகை கட்டப்பெறும். பெண்மகவு பிறந்த நாளிலிருந்து அவள் திருமணத்துக்குச் சாமான் சேரத் தொடங்கும். இருபதாண்டுக்குப் பின் வரும் செலவை இன்றே எண்ணிப் பார்த்த சமுதாயம் இது.

இவ்வளவு எண்ணியவர்கள் பர்மாவில் எங்ஙனம் இழந்தார்கள்? நம் தலைப்பின் நடுக்கேள்வி இதுவே என்று கருதுகிறேன்.

1929–30ஆம் ஆண்டுகளில் ஆய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன என்றும், அவற்றின் முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. அப்பணத்தின் பெரும்பகுதி நெல் விளைவிக்கும் உழவர்க்குக் கடனாகச் சென்றது. உலகப் பொருளாதார மந்தம் வந்தது. சில ஆண்டுகளுக்குள் நெல்விலை பாதிக்கும் கீழே இறங்கியது. கடன் திரும்பவில்லை, ஈடாக வைத்த நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 ஆக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938இல் நூற்றுக்கு 25 ஆயிற்று. பணத்தை நாடியவர்களிடம் வயல் குவிந்தது. விற்க முயன்றால் வாங்குவார் இல்லை. விடலாமென்றால் முதல் போய்விடும்.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஐந்தொகையில் வரவாக எழுதப்பெற்ற ஒவ்வோர் ஏக்கரும் ஒரு பர்மிய உழவனின் வீட்டில் இழவாக எழுதப்பெற்றது. அந்தத் துயரம் நம் பேரேட்டின் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. ஏறியிருந்தால், பிற்காலச் சட்டங்கள் நம்மவர்க்கு அத்துணைத் திடுக்கீடாக இருந்திரா. 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23இல் இரங்கூன் மீது குண்டு விழுந்தது. இலட்சக்கணக்கான இந்தியர் கடல்வழியாகவும் மலைவழியாகவும் வெளியேறினர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 1963இல் வங்கிகளும், 1964இல் கடைகளும் அரசுடைமையாயின.

இந்த வரலாற்றின் ஒரு துணுக்கு எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கிறது. என் தந்தையின் தந்தையாராகிய ஐயா, பெகுவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1941ஆம் ஆண்டு ஆவணியில் அவர் அப்பத்தாவுக்கு எழுதிய கடிதம் அது. இத்தவணை முடிந்து ஊர் திரும்பியதும் செய்ய வேண்டியவற்றை எண் இட்டு எழுதியிருக்கிறார். வீட்டின் இரண்டாம் கட்டுக்கு ஓடு மாற்றுதல்; மூத்த பெண்ணுக்கு இன்னின்ன வெள்ளிச் சாமான்; மீதத்தை அதே கடையில் வட்டிக்குப் போட்டு வைத்தல். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. அந்தப் பெண்ணுக்கு, என் அத்தைக்கு, அப்போது வயது இரண்டு.

அந்தத் தவணை முடியவேயில்லை. ஐயா மணிப்பூர் மலைவழியாக நடந்து, 1942ஆம் ஆண்டுக் கோடையில், காய்ச்சலோடு ஊர் வந்து சேர்ந்தார். இடையில் ஆறு திங்கள் கடிதம் இல்லை. அப்பத்தா வெள்ளியில் ஒரு பகுதியை விற்றும், ஓலைக் கொட்டான் முடைந்து கொடுத்தும் வீட்டை நடத்தியிருக்கிறார். ஐயாவின் சம்பளப் பாக்கி கடைசிவரை வரவில்லை.

நான் இக்கடிதத்தைப் பலமுறை எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் அதன் முன்பக்கம் அன்று, பின்பக்கம். போர்க்காலத்தில் தாளுக்குப் பஞ்சம். ஆகவே அதே கடிதத்தின் பின்புறத்தில், பென்சிலால், ஐயா புதிய கணக்கு ஒன்று எழுதியிருக்கிறார். ஜவுளிக்கடையில் கணக்கெழுதும் சம்பளம் ரூபாய் 25. அரிசி, விறகு, மருந்து. மூத்த பெண் பள்ளிக்கூடத்துக்கு என ஒரு தொகை. கடைசியில், 'வாசகசாலைச் சந்தா 4 அணா'. எல்லாம் இழந்து வந்த மனிதர் அந்த நான்கணாவை விடவில்லை.

இரண்டு பக்கமும் திட்டமே. முன்பக்கத் திட்டம், 'இது வரும். வந்தபின் இதைச் செய்வேன்' என்று சொல்கிறது. பர்மா இருக்கும், கடை இருக்கும், நெல் விலைபோகும் என்ற மூன்றில் ஒன்று சாய்ந்தாலும் அனைத்தும் சாயும். பின்பக்கத் திட்டம் வேறொரு வினாவிலிருந்து பிறக்கிறது: 'வராவிட்டால் என்னிடம் என்ன இருக்கும்?' கணக்கெழுதும் கை இருந்தது. பெண்ணின் படிப்பு இருக்கும். நாலுபேர் கூடிப் படிக்கும் இடம் இருக்கும். நிலையில்லாக் காலத்தில் திட்டமிடுதல் என்பது வருவதை முன்கூட்டிச் சொல்வதன்று. வராதபோதும் நம்மிடம் எஞ்சுவதை வளர்ப்பதே. இலாப ஆசையால் கைம்முதலையே பணயம் வைப்பதைத் 'தெரிந்து செயல்வகை' அதிகாரத்தில் வள்ளுவர் கடிந்துரைத்தார். நாம் எதனைக் கைம்முதல் என்று கொள்கிறோம் என்பதில்தான் பிழை நேர்ந்தது.

எல்லாரும் பிழைத்துவிடவில்லை, இழந்தவர் துயரை அறவுரையாக்கிவிட நான் விரும்பவில்லை. எனினும் எஞ்சியவை எவை என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமை. 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. இரங்கூனை மட்டும் நம்பியிராததால் அது நின்றது. வள்ளல் அழகப்பர் 1947இல் இங்கே கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். நேரு 1948 ஜூலையில் அதற்கு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் 1957இல் மறைந்தார். அவர் வைத்திருந்தவை கைமாறியிருக்கலாம். கொடுத்தவை இன்றும் அவர் பெயரிலேயே இருக்கின்றன. மேலைச்சிவபுரியில் பிறந்த வ.சுப. மாணிக்கனார் சிறுவயதில் இரங்கூன் சென்று ஒரு கடையில் வேலை பார்த்தார். வருமானவரி அதிகாரியிடம் பொய் சொல்ல மறுத்து அவ்வேலையை இழந்தார். ஊர் திரும்பிப் பண்டிதமணியிடம் தமிழ் கற்றார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஐந்தொகை கட்டுவோர் பார்வையில் அவர் அன்று எதிர்காலத்தைத் தொலைத்த பையன்.

கவிஞர்களாகிய நமக்கு நெருக்கமான சான்று இன்னொன்று. கம்பனடிப்பொடி சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியது 1939ஆம் ஆண்டு. பர்மா பிரிந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. சில திங்களில் உலகப்போர் மூண்டது. காலம் தெளியட்டும் என்று அவர் காத்திருந்தால் கழகம் பிறந்திராது.

இனி, என் பிழை ஒன்றை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஏழெட்டாண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் என்னிடம் வந்து, "தமிழ் முதுகலை படித்தால் வேலை கிடைக்குமா, அம்மா?" என்றார். வீட்டில் எதிர்ப்பு. நான் தயக்கமின்றி, "தமிழ் படித்தவன் கெட்டதில்லை, வேலை உன்னைத் தேடி வரும்" என்றேன். அவர் தேர்ச்சி பெற்றது 2020இல், ஊரடங்கின் நடுவே. வேலை தேடி வரவில்லை. இன்று முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருட்கடையில் கணக்கெழுதுகிறார். இடிந்த வீடுகளிலிருந்து வரும் பர்மாத் தேக்குத் தூண்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவது அவர் பணி. நான் அவருக்கு அளித்தது ஐயாவின் கடிதத்தின் முன்பக்கம். என் அன்பை ஆரூடமாகச் சொன்னேன். அதன் விலையை அவர் கொடுத்தார்.

சென்ற திங்கள் அவர் மீண்டும் வந்து, "அடுத்து என்ன செய்யட்டும், அம்மா?" என்றார். இம்முறை நான் வருவதுரைக்கவில்லை. தகுதித்தேர்வுக்குப் படியுங்கள், அது வராமலும் போகலாம் என்று எண்ணிக் கடைக் கணக்கையும் கைவிடாதீர்கள், மரத்தின் வயதும் வேலைப்பாடும் அறியும் அந்த அறிவை எழுதி வையுங்கள், அதை அறிந்தவர் குறைந்து வருகிறார்கள் என்றேன். அவர் ஒரு கவிதையை எடுத்து நீட்டினார். யாருடைய வீட்டுத் தூண் என்று தெரியாமல் விலை எழுதுவதைப் பற்றியது. அவர் இவ்வவையில் இருக்கிறார். அதனைப் படிக்குமாறு தலைவர் அழைக்க வேண்டுமென்று விண்ணப்பிக்கிறேன்.

நிறைவாக நம் வட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். பத்தாண்டுகள் கூடியிருக்கிறோம். ஊரடங்கில் கூட்டம் நின்றபோது, கைப்பேசியில் ஒருவர்க்கொருவர் கவிதை படித்தோம். ஆனால் இங்கே படிக்கப்பெற்ற கவிதைகள் எங்கே? சில நம் பைகளில். சில தொலைந்த கைப்பேசிகளில். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்த பின்னரும் சிதறவில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையில் ஆய்வு நூலகமாக்கிற்று. சேர்த்து வைக்க ஒருவர் இருந்தார். அதனால் காக்கப் பிறர் வந்தனர்.

நான் வேண்டுவன மிகச் சிறியவை. கூட்டந்தோறும் படிக்கப்பெறும் கவிதைகளை ஒரே ஏட்டில் படியெடுப்போம். அதன் படிகளை மூன்று வெவ்வேறு இடங்களில் வைப்போம். ஒரே கரையை நம்பியதன் விலையை நாம் அறிவோம். அப்பொறுப்பை முப்பது வயதுக்குட்பட்ட ஒருவரிடம், பெரும்பாலும் ஒரு பெண்ணிடம், ஒப்படைப்போம். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் இருக்குமா என்பதை நான் சொல்ல மாட்டேன். இல்லாவிட்டாலும் எஞ்சுவது ஒன்று இருக்க வேண்டும்.

அந்த நான்கணாச் சந்தாவை நாமும் தவறாமல் கட்டி வருவோம்.