முட்டிக்கு மறந்துபோன மடக்கு

கபடி ஆடும் பிள்ளைகள் ‘ஏசிஎல் போச்சு’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொடை எலும்பையும் கால் எலும்பையும் முட்டிக்குள் குறுக்காகக் கட்டி வைத்திருக்கும் ஜவ்வு அது. முழுசாக அறுந்தால், தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ தசைநாணை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள்.

தையல் சீக்கிரம் ஆறிவிடும். நடைதான் லேசில் திரும்பாது.

சாதாரணமாக நாம் குதிகாலை ஊன்றியதும் முட்டி 15 முதல் 20 டிகிரி மடங்கி உடம்பின் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஆபரேஷன் ஆன காலில் அந்த மடக்கு குறைந்துவிடுகிறது; விறைப்பாகவே ஊன்றுவார்கள். பயம் மட்டும் காரணமில்லை. முட்டி வீங்கியிருந்தால் தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலமே குறைத்துவிடும். தசை இளைக்கும். சுமை இடுப்புக்கும் மறுகாலுக்கும் போய்விடும்.

படியிறங்கும்போது பாருங்கள். கைப்பிடியைப் பற்றி, ஆபரேஷன் ஆன காலை முதலில் கீழே வைத்து, நல்ல காலையும் அதே படியில் சேர்த்து, ஒரு கணம் நின்று, பிறகு அடுத்த படி.

நொண்டல் மறைந்த பிறகும் மடக்கில் உள்ள இந்த வித்தியாசம் பலருக்கு ஓராண்டு தாண்டியும் நீடிக்கிறது. பழகாத விதத்தில் பாரம் விழுந்தால் குருத்தெலும்பு சீக்கிரம் தேயக்கூடும் என்பதுதான் மருத்துவர்களின் கவலை.

எனவே, வலி போய்விட்டதென்று பிசியோதெரபியைப் பாதியில் நிறுத்தாதீர்கள். தொடைத் தசை பலம் பெறாமல், குறைந்தது 9 மாதமாவது ஆகாமல், தயவுசெய்து களத்தில் இறங்காதீர்கள்.