மலைச்சரிவில் நிலந்திருத்தலும் டிராக்டர்க் கவ்வியும்



ஏலப்பாறை என்னும் பெயரிலேயே இவ்வூரின் பொருளாதாரமும் நிலவியல்பும் அடங்கியுள்ளன. மேலே ஏலமும் தேயிலையும் விளையும் மண். அம்மண்ணுக்குக் கீழே பாறை. இடுக்கி மாவட்டத்துப் பீர்மேடு வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முதலில் காப்பியும், இலைத்துரு நோயால் அது அழிந்தபின் தேயிலையும் பயிராயின. தமிழகத்திலிருந்து மலையேறி வந்த தொழிலாளரின் கோடரியும் கடப்பாரையும் மண்வெட்டியுமே அந்நாளில் காட்டைத் தோட்டமாக்கின. இன்று அத்தகைய கடும் உழைப்புக்கு ஆள் கிடைப்பது அரிது. உழைப்பவரின் முதுகெலும்பைத் தேய்க்கும் அப்பணி இயந்திரத்திடம் செல்வது வரவேற்கத்தக்கதே. எந்த இயந்திரம், எந்த நிலத்தில் என்பதே கேள்வி.

இக்கேள்வி வெறும் கொள்முதல் விவகாரமன்று. வட்டாரத்துத் தேயிலைச் செடிகளில் பல முதுமை எய்திவிட்டன. ஐம்பது ஆண்டைக் கடந்த செடிகளை அகற்றி மறுநடவு செய்யவும் புத்துயிரூட்டவும் மத்திய அரசு 2007இல் தேயிலைக்கான சிறப்பு நிதியமொன்றை ஏற்படுத்தியது. ஒருபுறம் முதிய செடிகளை அகற்றவேண்டிய கட்டாயம். மறுபுறம் கைவிடப்பட்ட நிலங்களில் உண்ணிச்செடிப் புதர். இவ்விரண்டையும் அகற்ற முற்படும் விவசாயிக்கு இன்று டிராக்டரின் முன்புறத்தில் பொருத்தும் கவ்வி ஒரு வழியாகத் தோன்றுகிறது. வணிகர்கள் இதனைக் ‘கிராப்பிள்’ என்பர். கரும்பு ஏற்றும் இயந்திரத்தின் பிடியைக் கண்டவர்கள் இதன் செயலை எளிதில் புரிந்துகொள்வர்.

சமவெளியின் பாடம்

நிலந்திருத்தலில் இயந்திரம் புகுந்த வரலாறு இந்நாட்டிற்குப் புதிதன்று. விடுதலைக்குப் பின், மத்திய இந்தியாவில் ‘கான்ஸ்’ என்னும் ஆழவேர்ப் புல் மண்டிய நிலங்களை மீட்கும் பணியில் மத்திய டிராக்டர் நிறுவனம் ஈடுபட்டது. கனரக டிராக்டர்கள் வாங்குவதற்கு 1949இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் வழங்கியது. அங்கே ஆழ உழுது வேரைப் புரட்டிப் போடுவதே தீர்வாயிற்று. நிலம் சமதளம், மண் ஆழமானது, புரண்ட மண் பெரும்பாலும் புரண்ட இடத்திலேயே கிடந்தது.

ஏலப்பாறையில் நிலைமை நேர்மாறானது. ஆண்டு மழை மூவாயிரம் மில்லிமீட்டரை எளிதில் கடக்கும். பாறைமேல் படிந்த மண்ணைச் சரிவில் தாங்கி நிற்பவற்றுள் வேர்கள் முக்கியமானவை. 2018 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டமெங்கும் நிலச்சரிவுகள் நேர்ந்தன. 2021 அக்டோபர் 16ஆம் நாள் அருகிலுள்ள கொக்கையாறும் கூட்டிக்கலும் உயிர்களையும் வீடுகளையும் இழந்தன. இவற்றுக்குப் பெருமழையே முதற்காரணம்; எனினும் சரிவை வெட்டுவதும் வேரை அகற்றுவதும் மண்ணின் பிடிப்பைக் குறைக்கின்றன என்பது ஐயத்திற்கிடமற்றது. வெட்டப்பட்ட மரத்தின் வேர் உடனே மடிவதில்லை. சில ஆண்டுகளில் மெல்ல மெல்ல மட்கும். ஆகவே நிலத்தைத் திருத்திய ஆண்டில் ஒன்றும் நேரவில்லை என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

கவ்வியைத் தேர்ந்தெடுக்கும் முறை

இப்பின்னணியில் கவ்வி ஒரு நன்மையைத் தருகிறது. மண்தள்ளும் தகடு புதரோடு மேல்மண்ணையும் வழித்துச் செல்லும். திறந்த பற்களைக் கொண்ட கவ்வியோ புதரைப் பற்றித் தூக்கும். மண் பற்களின் இடைவெளியில் உதிர்ந்துவிடும். சருகும் மட்கும் கலந்த மேல்மண்ணே மலைத்தோட்டத்தின் மூலதனமாகையால், இவ்வேறுபாடு சிறிதன்று.

கவ்விகளில் பலவகை உண்டு. அடித்தகடு மூடிய வாளிக்கவ்வி மண்ணையும் சேர்த்தே அள்ளும். நிலந்திருத்தலுக்கு அது உகந்ததன்று. மரக்கட்டைக் கவ்வி தடிகளை எடுக்கவே பயன்படும். பற்கள் நெருக்கமாயமைந்த கல்கவ்வி பாறைத் துண்டுகளைப் பொறுக்க உதவும். ஆனால் எடை மிகுதி. புதரும் வேரும் கலந்த நிலத்திற்கு ஏற்றது வேர்க்கவ்வியே. அதிலும் மேல்மூடி ஒன்றாக இருப்பதைவிட, தனித்தனியே இயங்கும் இரு மூடிகளாக இருப்பின், ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் உள்ள சுமையை இரண்டும் இறுகப் பற்றும். ஆனால் இரட்டை மூடி எடையையும் விலையையும் கூட்டுகிறது. சிறிய டிராக்டருக்கு ஒற்றை மூடியுள்ள குறுகிய கவ்வியே போதும்.

வாங்குமுன் மூன்று கணக்குகளைப் பார்த்தல் வேண்டும். முதலாவது, எடைக் கணக்கு. எடுத்துக்காட்டாக, முன்புறத் தூக்கியின் திறன் 600 கிலோ என்றும், கவ்வியின் எடை 180 கிலோ என்றும் கொண்டால், எஞ்சுவது 420 கிலோ. தூக்கியின் திறன் பெரும்பாலும் அதன் கைமுனையில் கணக்கிடப்படுவது. புதரின் சுமையோ அதற்கும் முன்னால் நீண்டு நிற்பது. எனவே உண்மையில் தூக்கக்கூடியது இன்னும் குறையும். கனமான கவ்வியே உறுதியானது என்னும் எண்ணம் சிறிய டிராக்டருக்குப் பொருந்தாது.

இரண்டாவது, ஹைட்ராலிக் கணக்கு. தூக்கியின் கைகளை உயர்த்த ஒரு எண்ணெய் வழியும், முனையைச் சாய்க்க மற்றொன்றும் தேவை. கவ்வியின் மூடியைத் திறந்து மூட மூன்றாவது வழி வேண்டும். அது டிராக்டரில் உண்டா, இல்லையெனில் அதைப் பொருத்தும் செலவு எவ்வளவு என்பதை விலை பேசும்போதே கேட்டறிதல் நன்று. எண்ணெய்க் குழாய்கள் கிளைகளில் சிக்காதவாறு சட்டத்திற்குள் மறைந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது, சமநிலைக் கணக்கு. முன்னால் சுமை ஏறும்போது பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். அதை ஈடுசெய்யப் பின்புறத்தில் எதிரெடை கட்டாயம். சுமையைத் தரைக்கு மிக அருகிலேயே தாங்கிச் செல்லவேண்டும்; உயர்த்திய சுமையோடு சரிவில் திரும்புவது டிராக்டரைக் கவிழ்க்கும். ஓட்டுநருக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டமும் இருக்கைப் பட்டையும் இல்லாத டிராக்டரில் கவ்வியைப் பொருத்துவது சிக்கனமாகாது.

இயந்திரம் நிற்கவேண்டிய எல்லை

நூறடி தூரத்திற்குப் பதினைந்தடிக்கு மேல் உயரும் சரிவில் தூக்கி பொருத்திய டிராக்டரை இறக்காதிருப்பது தக்க முன்னெச்சரிக்கை. ஏலப்பாறை நிலங்களில் பெரும்பகுதி இவ்வெல்லைக்கு அப்பாற்பட்டது. ஆகவே கவ்வியின் இடம் சாலையோர மேட்டுநிலம், பள்ளத்தாக்கின் அடித்தளம், அகன்ற படிக்கட்டுத் தளம் ஆகியவையே. எஞ்சிய இடங்களில் கைக்கருவியே சிறந்தது.

கைக்கருவி பிற்போக்கு என எண்ணவேண்டியதில்லை. உண்ணிச்செடியை அகற்றுவதற்குத் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை உருவாக்கிக் கார்பெட் புலிகள் காப்பகத்தில் செயல்படுத்தினர். செடியை வேரோடு பிடுங்காமல், தரைமட்டத்திற்குச் சற்றுக் கீழே முதன்மை வேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதே அம்முறை. துளிர்க்கும் பகுதி நீங்கிவிடுவதால் செடி மீண்டும் தழைப்பதில்லை, மண்ணும் கலைவதில்லை. செங்குத்துச் சரிவுக்கு இதைவிட ஏற்ற வழி காண்பது கடினம்.

தேயிலையில் நிலை வேறு. பழைய வேர்கள் மண்ணிலேயே தங்கினால் வேரழுகல் பூஞ்சணம் புதுக்கன்றுகளைத் தாக்கும். எனவே அங்கே வேரை எடுத்தே ஆகவேண்டும். ஆனால் கவ்வியின் பற்களை வேர்க்கட்டைமேல் மோதித் தோண்ட முயல்வது தவறு, சட்டம் முறுக்கிக்கொள்ளும். கையிழுவைக் கருவியாலோ அகழ் இயந்திரத்தாலோ வேரைத் தளர்த்தியபின், பொறுக்கி அடுக்குவதே கவ்வியின் வேலை. நிழல்மரங்களை வெட்டுவதற்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக நீக்கிவிட்டால், வேரிலுள்ள மாவுச்சத்து குறைந்து பூஞ்சணம் பரவுவது தடைப்படும். செடி அகற்றிய மண்ணில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு குவாத்தமாலாப் புல் வளர்த்தல் மண்ணைப் பிடித்து நிறுத்தவும் வளமூட்டவும் உதவும். இப்பணிகளை மழை ஓய்ந்த மாதங்களில் தொடங்கி, தென்மேற்குப் பருவமழைக்குமுன் புல் வேர்பிடிக்குமாறு முடித்தல் வேண்டும்.

கூட்டுறவின் தேவை

ஒரு சிறு விவசாயிக்கு ஆண்டில் சில நாட்களே கவ்வி தேவைப்படும். எஞ்சிய நாட்களில் அது துருப்பிடிக்க, கடனுக்கு வட்டி மட்டும் வளரும். வட்டிச் சுமையில் தள்ளாடும் உரிமையாளர், தகாத சரிவுகளிலும் வாடகைக்கு ஓட்டத் தூண்டப்படுகிறார். பொருளாதாரத் தவறு இவ்வாறே விபத்தாக முடிகிறது. பத்துப் பதினைந்து குடும்பங்கள் இணைந்து ஒரு கவ்வியை வைத்திருந்தால் முதலீட்டின் சுமை பகிரப்படும். எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்னும் கட்டுப்பாட்டையும் அவர்களே விதிக்க இயலும். 2014-15இல் மத்திய அரசு தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம், கூட்டுறவுகளும் உழவர் குழுக்களும் வாடகை இயந்திர மையங்கள் அமைப்பதற்கு வழிவகுத்தது. மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலும் ஆந்திரத்துக் கார்லதின்னெயிலும் உள்ள மத்திய அரசு நிலையங்கள் பண்ணை இயந்திரங்களைப் பரிசோதிப்பதோடு பயிற்சியும் அளிக்கின்றன. வாங்கவிருக்கும் இயந்திரத்திற்குப் பரிசோதனை அறிக்கை உண்டா எனக் கேட்பது ஒவ்வொரு குழுவின் உரிமை.

எத்தனை ஹெக்டேர் திருத்தப்பட்டது என்பதை வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்வது வழக்கம். மலைநாட்டில் இன்னோர் அளவுகோலும் தேவை: அடுத்த பருவமழைக்குப் பின் எவ்வளவு மண் நிலத்திலேயே நின்றது என்பது. சரிவின் கீழே லயங்கள் உள்ளன. அங்கே குழந்தைகள் உறங்குகின்றனர். புதரை எடுத்து மண்ணை விட்டுவைக்கும் கருவியே ஏலப்பாறைக்கு ஏற்ற கருவி. அக்கருவி ஓரிடத்தில் இரும்புக் கவ்வியாகவும், மற்றோரிடத்தில் பழைய மண்வெட்டியாகவும் இருக்கலாம். எது எங்கே என்று நிலத்தைப் பார்த்து முடிவு செய்யும் அறிவு விவசாயியிடமே உள்ளது.