அடுத்த வீட்டுச் சந்தோஷம்

யோகம் என்றதும் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும்தான் நினைவுக்கு வரும். மனம் தெளிய பதஞ்சலியின் யோக சூத்திரம் இன்னொரு வழியும் சொல்கிறது. சுகமாக இருப்பவரிடம் நட்பு. துன்பப்படுபவரிடம் இரக்கம். நல்லது செய்பவரைக் கண்டால் மகிழ்ச்சி. தீயது செய்பவரைக் கண்டுகொள்ளாமல் விடுவது.

இதில் முதலாவதுதான் ரொம்பக் கஷ்டம். அடுத்த வீட்டு வாசலில் புது ஸ்கூட்டர் நிற்கிறது. ஹேண்டில்பாரில் மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நமக்கோ இந்த மாதத் தவணையே இன்னும் கட்டவில்லை. மனசு சுருங்கத்தான் செய்யும். அப்போது கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். இறங்கிப் போய், "வண்டி நல்லா இருக்குங்க, முதல்ல எந்தக் கோயிலுக்கு?" என்று கேளுங்கள். மனசு கொஞ்சம் லேசாகும்.

சுகமாக இருப்பவரிடம் நட்பு. இன்றைக்கு ஒருவரிடமாவது முயன்று பாருங்கள்.