கரியும் குடிநீரும்



நீரின் தூய்மை என்றவுடன் நாம் கிருமிகளையே எண்ணுகிறோம். கிருமியைக் காய்ச்சிக் கொல்லலாம்; குளோரின் இட்டும் கொல்லலாம். இவ்விரண்டுக்கும் அழியாத நஞ்சு நீரில் கலந்துவிட்டால் என் செய்வது? அதைப் பற்றியே பேச விழைகின்றேன்.

அமெரிக்க நாட்டில் ஒகையோ ஆற்றங்கரையில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், டூபாண்ட் நிறுவனம் ஓர் ஆலை நடத்தி வந்தது. உணவு ஒட்டாத பாத்திரங்களுக்குப் பூசும் பொருளைச் செய்ய, 1951 முதல் அங்கே 'சி-8' என்னும் வேதிப்பொருளைப் பயன்படுத்தினர். அதில் கரிமத்துக்கும் ஃபுளூரினுக்கும் உள்ள பிணைப்பு மிக வலியது. வெயிலும் மண்ணும் நுண்ணுயிரும் அதனை முறிப்பது அரிது. காற்றிலும் ஆற்றிலும் கலந்த அந்நஞ்சு, எதிர்க்கரையிலுள்ள லிட்டில் ஹாக்கிங் என்னும் சிற்றூரின் குடிநீர்க் கிணறுகளில் புகுந்தது. நீரைப் பார்த்து ஐயுறுவதற்கு ஒரு காரணமும் இல்லை. மக்கள் பல்லாண்டுகள் பருகினர்.

தம் மாடுகள் மடியக் கண்ட உழவர் ஒருவர் 1999-ல் வழக்குத் தொடுத்தார். அதன் வழியே எழுந்த ஊர்மக்களின் வழக்கு 2004-ல் உடன்பாட்டில் முடிந்தது. பின்னர் ஏறத்தாழ 69,000 பேர் ஆய்வுக்காகக் குருதி கொடுத்தனர். அதற்கு ஒரு தொகையும் பெற்றனர். எனினும் பணத்தினும் பெரிது அவர்கள் திரட்டித் தந்த சான்று. சிறுநீரகப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கும் அந்நஞ்சுக்கும் தொடர்பு இல்லை என்பதினும் உண்டு என்பதே பொருந்தும் என அறிவியற் குழு 2012-க்குள் முடிவு கூறிற்று.

அம்முடிவு வருமுன்பே, 2007-ல், உடன்பாட்டின்படி நிறுவனத்தின் செலவில் கிணற்று நீரைக் கிளர்வூட்டிய கரியின் வழியே செலுத்தத் தொடங்கினர். நிலக்கரியையோ கொட்டாங்கச்சிக் கரியையோ மிகுந்த சூட்டில் நீராவி பாய்ச்சிப் பதப்படுத்தினால் அதனுள் எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர் வரை விரியும்! நம் அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது. இது சல்லடையைப் போல் சலிப்பதன்று. நஞ்சின் மூலக்கூறுகள் அப்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. இதனைப் பரப்புக்கவர்ச்சி என்பர். நீண்ட சங்கிலி கொண்ட மூலக்கூறுகள் நன்கு ஒட்டும்; குறுகியவை விரைவில் நழுவிவிடும். உப்பையும் நைட்ரேட்டையும் கரி நீக்காது.

இடம் நிறைந்துவிட்டால் கரி பயனற்றது. ஆதலின் இரு கலங்களை அடுத்தடுத்து நிறுவி, முதற்கலத்தைக் கடந்த நீரில் நஞ்சு தென்பட்டதும் கரியை மாற்றுவர். கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. சோதித்தே அறிய வேண்டும். 2024-ல் அமெரிக்க அரசு விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். நானோகிராம் என்பது கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய அளவை அளக்கும் கலை கற்றவர் நம்மிடையே எத்தனை பேர்? வேதியியல் பயிலும் தம்பி தங்கையர் இதனை ஒரு தொழிலாகவே எண்ணிப் பார்க்கலாம்.

நீர் தூய்மையானாலும் உடல் உடனே தூய்மையாவதில்லை. அவ்வட்டாரத்தாரின் குருதியைத் தொடர்ந்து சோதித்தபோது, நஞ்சின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 2.3 ஆண்டுகள் ஆகும் எனத் தெரிந்தது.

எஞ்சுவது நிறைந்த கரி. கரி நஞ்சைப் பிடித்ததேயன்றி அழிக்கவில்லை. குப்பைமேட்டில் கொட்டினால் மழைநீரோடு அது மீண்டும் நிலத்தடிக்குச் செல்லக்கூடும். ஆகவே அக்கரியை மூடிய உலைகளில் கடுஞ்சூட்டில் புதுப்பிக்கின்றனர். உலையின் புகையையும் தனியே கண்காணிக்க வேண்டியிருக்கிறது.