நிலுவையும் நீதியும்: மும்பை மாநகராட்சியின் வரி வசூல் குறித்துச் சில சிந்தனைகள்



இதுபோன்ற தமிழ் அறக்கட்டளை மேடைகளில் இலக்கியம் பேசுவது மரபு. நான் வரி பாக்கியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். குழாயில் வரும் தண்ணீரும், சயான் மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சையும், மாநகராட்சிப் பள்ளியின் தமிழ் வகுப்பும் வரிப் பணத்தில்தான் நடக்கின்றன. மும்பைத் தமிழர்களாகிய நாம் வாழும் பகுதிகளில் தாராவி ஜி வடக்கு வார்டு, மாட்டுங்கா எஃப் வடக்கு, செம்பூர் எம் மேற்கு. மூன்றுக்கும் சட்டம் ஒன்றே. பாக்கி சேரும் விதமோ இடத்துக்கு இடம் வேறு. சரியான பில் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தாலே வசூலில் பாதி முடிந்துவிடும் என்பது என் கருத்து. மீதிப் பாதி, கட்ட முடியாதவரையும் கட்ட மறுப்பவரையும் பிரித்தறிவதில் இருக்கிறது.

சட்டத்தின் படிகள்

2017 ஜூன் வரை மும்பை மாநகராட்சியின் பெரிய வருமானம், நகருக்குள் வரும் சரக்குக்கு விதித்த ஆக்ட்ராய். முலுண்டிலும் தஹிசரிலும் லாரி நாக்கா எனும் எல்லைச் சாவடியைத் தாண்டும்போதே பணம் வந்துவிடும். பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஆண்டு ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் ஆக்ட்ராய் போயிற்று. அதற்கு மாநில அரசு இழப்பீடு தருகிறது. மாநகராட்சி தன் கையால் வசூலிக்கும் வருவாயில் சொத்து வரியின் இடம் அதன்பின் இன்னும் பெரிதாகிவிட்டது. சொத்து வரியோ பில் போட்டு, காத்திருந்து வாங்க வேண்டியது.

இதற்கான அதிகாரம் 1888-ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டத்திலிருந்து வருகிறது. பில் கிடைத்து 90 நாளுக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நினைவூட்டல், கோரிக்கை நோட்டீஸ், அதன்பின் 21 நாள் கெடுவுடன் இறுதி நோட்டீஸ். அதற்கும் அசையாதவர் மீது 203-ஆம் பிரிவின்படி ஜப்தி. முதலில் அசையும் பொருள்கள் ஏலத்துக்கு வரும். அது போதாவிட்டால் கட்டடமும் மனையும் வரும். பாக்கிக்கு மாதம் 2 விழுக்காடு அபராதம், அதாவது ஆண்டுக்கு 24. 2020-இல் ஜுஹுவில் நின்ற ஹெலிகாப்டர்களையே வரி பாக்கிக்காக மாநகராட்சி ஜப்தி செய்தது. கை நீள வேண்டும் என்று முடிவெடுத்தால் மாநகராட்சியின் கை எங்கும் நீளும்.

பில்லே தகராறானால்

பெரிய பாக்கிகளில் கணிசமானவை ஏழைகளுடையவை அல்ல. கணக்கு முறையை எதிர்த்து வழக்காடியவர்களுடையவை. பழைய முறையில் வீட்டு வாடகையை வைத்து வரி போட்டார்கள். 1947-இன் வாடகைச் சட்டம் வாடகையை உறைய வைத்ததால் மாட்டுங்காவின் பழைய கட்டடங்களுக்கு வரி மிகக் குறைவு. புதிய கட்டடங்களுக்கு அதிகம். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய 2010 ஏப்ரல் முதல் சொத்தின் மூலதன மதிப்பில் வரி வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் காலி மனையில் வருங்காலத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதையும் மதிப்பில் சேர்த்தார்கள். விதிகளை முன்தேதியிட்டும் செயல்படுத்தினார்கள். மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் அந்த விதிகளை ரத்து செய்தது. 2022 நவம்பர் 7-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பன்னிரண்டு ஆண்டு பில்கள் கேள்விக்குள்ளாயின. ஜப்தி செய்ய ஆளனுப்பும் முன் கணக்கைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும் என்பதுதான் இதன் பாடம்.

500 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 2019-இல் சொத்து வரியின் ஓர் இனமான பொது வரி மட்டும் நீங்கியது. மற்ற இனங்கள் தொடர்ந்தன. 2022 ஜனவரி 1 முதல் முழு விலக்கு வந்தது. செம்பூரின் சின்னச் சின்ன அடுக்ககங்களில் இருப்போருக்கு இது பெரிய ஆறுதல்.

தாராவியின் குழாய்

தாராவியில் கதை வேறு. இங்கே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பில் சுமையாகத் தெரிவதில்லை. இந்த ஊரில் இருக்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி. மின்சார பில்லையும் தண்ணீர் பில்லையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியில் வைத்திருப்பார்கள்; குடிசை இடிப்பு வந்தால் முதலில் எடுப்பது அந்த உறையைத்தான்.

குடிசைப் பகுதிகளில் ஐந்து குடும்பங்களோ அதற்கு மேலோ சேர்ந்துதான் ஒரு குழாய் இணைப்பு வாங்குகின்றன. ஒருவர் செக்ரெட்டரி, பில் அவருக்கு வரும், மற்றவர்கள் தங்கள் பங்கை அவரிடம் கொடுப்பார்கள். அவர் ஊருக்குப் போய்விட்டாலோ, பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டாலோ, ஒழுங்காகக் கொடுத்தவர்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்கும். இந்தப் பாக்கியை யாருடைய குற்றம் என்று எழுதுவது?

2000-க்குப் பின் கட்டிய குடிசைகளுக்கு விதிப்படி தண்ணீரே மறுக்கப்பட்டிருந்தது. தண்ணீர் உரிமைக்காகப் போராடும் பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில், 2014 டிசம்பர் 15 அன்று உயர் நீதிமன்றம், தண்ணீர் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றது. கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டாவது கொடுங்கள் என்றது. மக்கள் கேட்டதும் இலவசமல்ல, இணைப்பு. 2020-இல் மாநகராட்சி அபய் யோஜனா என்ற சலுகைத் திட்டத்தைக் கொண்டுவந்து, தண்ணீர் பாக்கியைக் கட்டுவோருக்குக் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. அபராதம் அசலைப் போலவே வளர்ந்துவிட்ட வீடுகளுக்கு அது வாசலைத் திறந்தது.

தாராவிச் சந்துகளில் சீட்டு நடத்தும் அக்காமார்களைப் பாருங்கள். இந்த மாதம் யார் வீட்டில் வேலையில்லை, யார் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். இருவரிடமும் ஒரே மாதிரி பேசமாட்டார்கள். மாநகராட்சிக்கு அந்த அறிவு வேண்டும்.

பிரிட்டனும் இந்த அறிவைத் தேடுகிறது. அங்கே உள்ளாட்சி வரி கட்டாதவரைச் சிறைக்கு அனுப்பும் விதியை வேல்ஸ் 2019 ஏப்ரலில் நீக்கியது. 2021 மே முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடனில் சிக்கியவருக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் வரி பாக்கிக்காகவும் நடவடிக்கை எடுக்க முடியாது. அந்த நாள்களில் கடன் ஆலோசகர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்.

செய்ய வேண்டியவை

மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட்டில், குடிசைப் பகுதிகளில் நடக்கும் வணிகங்களுக்குச் சொத்து வரி போட்டு 350 கோடி ரூபாய் திரட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தாராவியின் தோல் பட்டறைகளுக்கும் இட்லிக் கடைகளுக்கும் பில் வரும் என்பதே அதன் பொருள். வரி வாங்கினால் அந்த இடத்தின் உரிமைக்கு அது சான்றாகுமா என்பதை மாநகராட்சி முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும். வரிக்கு மட்டும் இருப்பவர், மறுகுடியமர்த்தலில் இல்லாதவர் என்று ஆகிவிடக் கூடாது.

கூட்டு இணைப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பில் நகல் போக வேண்டும். ஒருவர் பாக்கிக்கு ஐந்து வீட்டின் தண்ணீரை நிறுத்தக் கூடாது. முடியாதவருக்குத் தவணை, வழக்கில் இருப்பவருக்கு விரைவான தீர்வு, வசதியிருந்தும் மறுப்பவருக்கு ஜப்தி. ஆளனுப்பும் வரிசை பெரிய பாக்கிதாரரிலிருந்து தொடங்கட்டும்.

நமக்கும் கடமை உண்டு. மராத்தியில் வரும் நோட்டீஸைப் படிக்க முடியாமல் கெடுவைத் தவறவிடும் பெரியவர்கள் நம்மிடையே பலர். நம் தமிழ்ச் சங்கங்கள் ஒவ்வொன்றும் மாதம் ஒரு ஞாயிறு பில் படித்துச் சொல்லவும், மேல்முறையீடு எழுதவும், தவணை கேட்டு மனுப்போடவும் ஒரு மேசை போடட்டும். இந்த அறக்கட்டளையே அதைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமைகிறேன்.