கொலையாளி பிடிபடாவிட்டாலும் குடும்பத்துக்கு உரிமை உண்டு

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், சட்டத் தன்னார்வலராகப் பணியாற்றும் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு கொஞ்சம் கசப்பானது. ஆனாலும் பேசித்தான் ஆகணும். நம்ம பக்கம் டிரைவர் இல்லாத தெரு கிடையாது. நாமக்கல்லில் டேங்கரும் டிரெய்லரும், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சங்ககிரியில் லாரி, சேலத்தில் ஆட்டோ, டாக்ஸி, டூரிஸ்ட் வேன். உங்க வீட்டில் யாராவது ஸ்டியரிங் பிடிக்கிறவங்க இருந்தா கையைத் தூக்குங்க பார்க்கலாம். (பாதிக்கு மேற்பட்டவர்கள் கை தூக்கினார்கள்.) பார்த்தீங்களா? இது நம்ம எல்லோருடைய விஷயம்.

விபத்து நடந்தா என்ன செய்யணும்னு நமக்கு ஓரளவு தெரியும். ஆனா வாடகைக்குப் போன டிரைவரை, வண்டியில் ஏறினவனே கொன்னுட்டு வண்டியோட ஓடிட்டா? யார்னே தெரியலைன்னா? போலீஸ் தேடியும் ஆள் கிடைக்கலைன்னா? "கேஸ் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு குடும்பம் காத்துக்கிட்டே இருக்கும். கேஸும் முடியாது, காசும் வராது. அந்த மாதிரி காத்திருக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்.

திமாப்பூரில் நடந்த கதை

நாகாலாந்து மாநிலத்தில் திமாப்பூர்னு ஒரு ஊர். 1995 மார்ச் 22-ஆம் தேதி, சாயங்காலம் 5 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில், ஆட்டோ ஸ்டாண்டில் நின்ற ஒரு ஆட்டோவை முன்பின் தெரியாத சிலர் வாடகைக்குக் கூப்பிட்டாங்க. ஓட்டினவர் முதலாளி வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர். மறுநாள் அவர் உடலைப் போலீஸ் கண்டெடுத்தது. ஆட்டோ கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை. வண்டியில் ஏறினவங்க கோர்ட் தீர்ப்பிலும் 'அடையாளம் தெரியாத பயணிகள்' என்றுதான் இருக்காங்க.

அப்புறம் நடந்ததைக் கவனமாக் கேளுங்க. ஆட்டோ திருட்டுப் போச்சுன்னு முதலாளிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி 47,220 ரூபாய் கொடுத்துவிட்டது. செத்துப்போன டிரைவரின் குடும்பம் கேட்டப்போ, "இது கொலை, விபத்து இல்லை, எங்களுக்குப் பொறுப்பு இல்லை" என்றது. வண்டிக்குப் பணம் உண்டு, ஓட்டின மனுஷனுக்கு இல்லையாம்!

அந்தக் குடும்பம் விடலை. மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் 2,81,500 ரூபாய் கொடுக்கச் சொன்னது. கவுகாத்தி ஐகோர்ட் அதை ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனாங்க. 2000 ஏப்ரல் 27-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பாயம் சொன்னதுதான் சரி என்று முடித்தது. 'ரீட்டா தேவி வழக்கு'ன்னு சொன்னா எந்த வக்கீலுக்கும் தெரியும். பேரை எழுதி வச்சுக்குங்க.

கோர்ட் சொன்ன நியாயம் எளிமையானது. கொன்னவனுடைய நோக்கம் என்ன? அந்த ஆளைக் கொல்லணும் என்பதே நோக்கமா இருந்தா அது வெறும் கொலை. வண்டியைத் திருடுவது நோக்கம், தடுத்ததால் அல்லது அதற்கு இடைஞ்சலா இருந்ததால் டிரைவரைக் கொன்னாங்க என்றால், அந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை அது வேலையில் நேர்ந்த விபத்து. பயணியை ஏற்றிக்கொண்டு போவது டிரைவருடைய வேலை. அந்த வேலையில்தான் உயிர் போச்சு.

போலீஸ் எழுதும் ஒரு வரி

இப்ப போலீஸ் ஸ்டேஷனுக்கு வருவோம். நோக்கம் என்ன என்பதை வச்சுத்தான் நஷ்டஈடு கிடைக்குமா கிடைக்காதா என்பது முடிவாகுது. அந்த நோக்கம் முதன்முதலில் பதிவாவது எங்கே? எஃப்.ஐ.ஆரில். துக்கத்தில் இருக்கிற வீட்டுக்காரி என்ன சொல்றோம்னே தெரியாமல் பேசுவாள். சொந்தக்காரர் ஒருவர், "அவனுக்கும் இன்னாருக்கும் போன வருஷம் வாய்த்தகராறு" என்று எதையாவது சொல்வார். 'முன்விரோதம்' என்று ஒரு வார்த்தை புகாரில் ஏறிவிட்டால், பின்னாடி இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்.

பொய் சொல்லுங்கன்னு நான் சொல்லலை. விரோதம் உண்மையா இருந்தா அதையும் சொல்லித்தான் ஆகணும். ஆனா யூகத்தைச் சொல்லாதீங்க, தெரிஞ்சதை முழுசாச் சொல்லுங்க. வண்டி காணோம், போன் காணோம், வாடகைப் பணம் காணோம், எத்தனை மணிக்கு யார் கூப்பிட்டு எந்த ஊருக்குப் போனார் என்பது எல்லாம் புகாரில் இருக்கணும். எழுதினதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. வாசித்துக் காட்டணும் என்பது சட்டம்.

ஸ்டேஷனில் கேட்டு வாங்க வேண்டியவை

1. புகார். "ரெண்டு நாள் பாருங்கம்மா, வந்துடுவார்" என்று சொன்னால் சும்மா திரும்ப வேண்டாம். காணாமல் போனவர் புகாரை உடனே கொடுங்க. குற்றம் நடந்திருக்கு என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும் என்று 2013 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கு. சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிக்குங்க. அதோடு நின்றுவிடாதீங்க.

2. எல்லைத் தகராறு. "வண்டி கடைசியா நின்னது தர்மபுரி எல்லை, அங்கே போங்க" என்று அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போடலாம். 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' என்பது இதுதான். பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே மாற்றிக்கொள்வார்கள்.

3. எஃப்.ஐ.ஆர். நகல். புகார் கொடுத்தவருக்கு இது இலவசம்.

4. போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, இறப்புச் சான்றிதழ். பல நகல் எடுத்து வையுங்க.

5. 90 நாளில் தகவல். விசாரணை எந்த அளவில் இருக்கு என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குப் போலீஸ் தெரிவிக்கணும். இதுவும் புதிய சட்டத்தில் இருக்கு. வரலைன்னா எழுதிக் கேளுங்க.

புகார் வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்க. சேலம் மாநகர எல்லை என்றால் போலீஸ் கமிஷனருக்கு. அதற்கும் பலன் இல்லைன்னா மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

போலீஸ் கஷ்டத்தையும் நாம புரிஞ்சுக்கணும். ஸ்டாண்டில் வந்து ஏறின முகம் தெரியாத ஆளைத் தேடுவது சுலபம் இல்லை. அதனால் அவர்களுக்குத் துப்புக் கொடுக்க வேண்டியது நாமதான். வண்டி நம்பர், பாஸ்டேக்கில் பணம் கழிந்த மெசேஜ், போன் நம்பர், போன் பெட்டியில் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. எண் இவை முதல் நாளே கையில் இருக்கணும். ஓமலூர், வைகுந்தம், ராசம்பாளையம், மேட்டுப்பட்டி என்று நம்மைச் சுற்றி டோல்கேட்டுகள் இருக்கு. அங்கே கேமரா இருக்கு. ஆனா பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறி அழிந்துவிடும். "டோல்கேட் பதிவை உடனே எடுங்க சார்" என்று எழுத்தில் கேளுங்க.

நம்ம புகார் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். 2008-இல் ஆந்திராவில் ஓங்கோல் பக்கத்து நெடுஞ்சாலையில் ஒரு கும்பல் அதிகாரிகள் மாதிரி நடித்து லாரிகளை நிறுத்தி, டிரைவரையும் கிளீனரையும் கொன்று புதைத்து, சரக்கை விற்று, லாரியை உடைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. துர்காப்பூரிலிருந்து கல்பாக்கத்துக்கு இரும்புக் கம்பி ஏற்றி வந்த லாரியும், அதில் வந்த தமிழ்நாட்டு டிரைவரும் கிளீனரும் காணாமல் போனாங்க. நம்ம மாநிலத்தைச் சேர்ந்த லாரி உரிமையாளர் ஓங்கோலுக்கே போய்ப் புகார் கொடுத்தார். அந்தப் புகாரைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் கும்பல் வெளியே வந்தது. 2021 மே மாதம் ஓங்கோல் கோர்ட் 12 பேருக்கு மரண தண்டனை விதித்தது. யாரோ ஒருவர் விடாமல் தேடிப் போனதால் வந்த வினை அது, கொலைகாரனுக்கு!

'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று முடித்தால்

சில வருஷம் கழித்து, 'கண்டுபிடிக்க முடியாத வழக்கு' என்று போலீஸ் கோர்ட்டுக்கு அறிக்கை கொடுக்கலாம். அப்போ புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒன்று வரும். பல பேர் என்னவோ ஏதோன்னு கையெழுத்துப் போட்டு வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். அது சாதாரணக் காகிதம் இல்லை. அந்த அறிக்கையை ஏற்கும் முன் புகார்தாரரைக் கேட்கணும் என்று 1985-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. "டோல்கேட் பதிவை எடுக்கவில்லை, கடைசியாகப் பேசிய நம்பரை விசாரிக்கவில்லை" என்று நீங்கள் மாஜிஸ்திரேட்டிடம் ஆட்சேபனை மனு போடலாம். மேல் விசாரணைக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

பணத்துக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

முதல் கதவு, விபத்துத் தீர்ப்பாயம். ரீட்டா தேவி வழக்கைக் காட்டிக் கேட்கலாம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம் கேட்க வழி இருக்கு. ஆறு மாதத்துக்குள் மனு போடணும் என்று சட்டம் சொல்லுது. தள்ளிப்போடாதீங்க.

இரண்டாவது, தொழிலாளர் துணை ஆணையர். முதலாளி வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டியவர் என்றால் தொழிலாளர் இழப்பீட்டை இங்கே கேட்கலாம். இதற்கும் கெடு உண்டு. ஆனா முதல் கதவு, இரண்டாவது கதவு ரெண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணும். எது லாபம்னு வக்கீலைக் கேட்டுச் செய்யுங்க.

மூன்றாவது, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. குற்றவாளி யார் என்றே தெரியாமல், வழக்கு விசாரணைக்கே வராமல் போனாலும் பாதிக்கப்பட்டவரின் குடும்பம் நிவாரணம் கேட்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கு. மனு கொடுத்தால் இரண்டு மாதத்தில் விசாரணை முடிக்கணும். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. போன் 15100.

நான்காவது, நம்ம பாஸ்புக். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருஷம் 20 ரூபாய் பிடிப்பார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்சம். தற்கொலைக்குக் கிடையாது, கொலைக்கு உண்டு என்று அந்தத் திட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கு. எத்தனை பேருக்கு இது தெரியும்? சீக்கிரமா பேங்க்கில் எழுதிக் கொடுக்கணும். 30 நாள்தான் கெடு.

ஓட்டுநர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் அங்கேயும் கேளுங்க. பதியாதவர்கள் பதிந்துவிடுங்க.

உறுப்பினர்கள் கேட்டவை

கேள்வி: எங்க வீட்டுக்காரர் சொந்தமா கார் வாங்கி ஓட்டறாருங்க. அவருக்கும் இது பொருந்துமா?

பதில்: முதலாளியும் டிரைவரும் அவரே என்றால் கணக்கு வேறுங்க. பாலிசியில் 'உரிமையாளர் ஓட்டுநர்' தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சத்துக்கு இருக்கான்னு இன்னிக்கே எடுத்துப் பாருங்க. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால் கம்பெனி மறுக்கப் பார்க்கும். மஞ்சள் போர்டுக்கு மாற்றச் சொல்லுங்க.

கேள்வி: உடலே கிடைக்கலைன்னா என்னங்க பண்றது?

பதில்: அதுதான் பெரிய கொடுமைங்க. டெல்லிப் பக்கம் 2002-இலிருந்து 2004 வரைக்கும் டாக்ஸி டிரைவர்களைக் கொன்று முதலை இருக்கும் கால்வாயில் போட்டதாக தேவேந்தர் சர்மா என்ற வைத்தியர் மேல் வழக்குகள் வந்தது. எத்தனை பேர் என்பதே சரியாத் தெரியாமல் போச்சு. சில வழக்கில்தான் தண்டனை வாங்கித் தர முடிந்தது. உடல் கிடைக்காவிட்டால், ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லை என்று காட்டி, இறந்ததாகக் கருத கோர்ட்டில் கேட்கலாம். அந்த ஏழு வருஷம் எந்த நாளிலிருந்து என்பதற்கு அத்தாட்சியே நீங்க முதல் நாள் கொடுத்த புகார்தான்.

கேள்வி: ஸ்டேஷனுக்குத் தனியாப் போகப் பயமா இருக்குங்க அக்கா.

பதில்: தனியா எதுக்குப் போறீங்க? கடன் கேட்டு பேங்க்குக்கு எப்படிப் போறோம்? தலைவி, செயலாளர், பொருளாளர் மூணு பேரும் சேர்ந்துதானே. அதே மாதிரி போங்க. குழுவிலிருந்து நாலு பேர் கூட வந்து நின்றால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கடைசியா ஒரு வேலை கொடுக்கிறேன். டிரைவர் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாளில் வண்டி நம்பர், முதலாளி பேர், போன், பாலிசி எண், லைசென்ஸ் எண், ஐ.எம்.இ.ஐ. எண், சுரக்ஷா பீமா பிடித்த பாஸ்புக் பக்கம் எல்லாத்தையும் எழுதிக்குங்க. ஒரு நகல் வீட்டில், ஒரு நகல் குழுவின் நோட்டுக்குள்ள. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது எத்தனை வீட்டில் முடிஞ்சிருக்குன்னு ஊக்குநர்கள் கணக்குச் சொல்லணும்.